சகலையின் தொண்ணூற்றேழு மார்க்

எனக்குப் பொறாமை கிடையாது என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். அதனால் சொல்லவில்லை. என் சகலை மேல் எனக்குப் பொறாமை உண்டு. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன், என்னைவிட எட்டு வயது சின்னவன். தலையில் முடி முழுசாக இருக்கிறது. அதோடு நின்றிருந்தால் நானும் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன்.

நான் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் பராமரிப்பு அதிகாரி. மாடிக்கு ஒரு அலுவலகம் வாடகைக்கு இருக்கிறது. லிஃப்ட், ஏ.சி., தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், தீ எச்சரிக்கை மணி, துப்புரவு, கரப்பான் மருந்து என்று பதினொரு வேலைகளைப் பதினொரு சப் கான்ட்ராக்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். அவர்களைக் கட்டி மேய்ப்பதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. இடுப்பில் எப்போதும் சாவிகள் தொங்குவதால் கட்டடத்தில் எனக்குச் சாவிக்கொத்து என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்கள்.

சகலை எங்கள் ஏ.சி. சப் கான்ட்ராக்டர். எட்டு ஆட்களை வைத்திருக்கிறான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு வேலை இல்லாமல் போனபோது, "தங்கச்சி புருஷனுக்கு உங்க பில்டிங்ல ஏதாவது பாத்துக் குடுங்களேன்" என்று மனைவி என் காதில் ஓதி ஓதி, நான்தான் உள்ளே கொண்டுவந்து விட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. ஒரு நாலைந்து பேரிடம் சொல்லியிருப்பேன்.

முன்பெல்லாம் என் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கும். எந்தச் சப் கான்ட்ராக்டர் வேலையை முடித்தாலும் அதில் என் கையெழுத்து விழுந்தால்தான் முடிந்ததாக அர்த்தம். சகலையும் வந்து நிற்பான். "அண்ணா, பாத்துட்டு ஒரு சைன் போடுங்கண்ணா" என்பான். நான் கண்ணாடியைத் தேடுவேன், பேனாவைத் தேடுவேன், வராத போனில் பேசுவேன். அவன் சிரித்த முகமாகவே நிற்பான். அதுவும் எனக்குப் பிடிக்காது.

போன வருஷம் மேனேஜர் மேடம் நோட்டைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, பராமரிப்புக்கென்று ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார். இப்போது எந்த மாடியில் எது கெட்டாலும் அது எல்லோருடைய போனிலும் ஒரு டிக்கெட்டாக வந்து விழுகிறது. ஆள் வந்ததும் 'வந்தாச்சு' என்று அமுக்க வேண்டும். முடித்ததும் படம் எடுத்துப் போட்டு 'முடிந்தது' என்று அமுக்க வேண்டும். எத்தனை நிமிஷத்தில் வந்தார்கள், எவ்வளவு நேரத்தில் முடித்தார்கள் என்று பார்த்து மென்பொருளே நூற்றுக்கு மார்க் போடும். வருஷக் கடைசியில் எண்பத்தைந்துக்குக் கீழே இருப்பவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, வேறு ஆள் வந்துவிடுவார். அவ்வளவுதான் கதை, யாரிடமும் போய்க் கெஞ்ச முடியாது.

மாதக் கூட்டத்தில் மேடம் அந்த மார்க்குகளைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். லிஃப்ட் எண்பத்தேழு. மோட்டார் எண்பத்தாறு. கரப்பான் மருந்து எண்பத்தைந்து, அவர் முகத்தில் ஈயாடவில்லை. எல்லோருக்கும் மேலே ஏ.சி., தொண்ணூற்றேழு.

"இவர பாத்து மத்தவங்க கத்துக்கணும்" என்றார் மேடம். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க சொந்தக்காரராமே. உங்களுக்குப் பெருமையா இருக்கும்ல?" என்றார்.

"ரொம்பப் பெருமை மேடம்" என்றேன். கைதட்டலை நான்தான் ஆரம்பித்து வைத்தேன்.

அது கட்டடத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவன் மனைவி என் மனைவிக்குச் சொல்லி, இரண்டு பேருமாக என் மாமனாருக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். மார்க் என்ற சொல்லைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிடப் போனபோது வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சின்ன மாப்பிள்ளை தொண்ணூத்தேழாம். உங்களுக்கு எவ்ளோ மாப்பிள்ளை?"

"எனக்கு மார்க் கிடையாது மாமா. நான் மேற்பார்வை பாக்குறவன்."

"அப்ப நீங்க பரீட்சையே எழுதலையா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நல்ல மனுஷர்தான், வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் என் மனைவியும் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

மறுநாள் காலை ஐந்தாவது மாடியில் சகலையின் ஆட்கள் ஒரு ஏ.சி.யைச் சுத்தம் செய்து படம் போட்டிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் இல்லை. அந்த மென்பொருளில் 'மீண்டும் திற' என்று ஒரு பட்டன் உண்டு. வேலை சரியில்லை என்றால் முடிந்த டிக்கெட்டை மறுபடி திறக்கலாம், திறந்தால் சப் கான்ட்ராக்டருக்கு ஒரு மார்க் போகும். மாடிக்கு ஒருவராகப் பதினான்கு பொறுப்பாளர்கள், மேடம், நான் என்று பதினாறு பேருக்கு அந்த உரிமை. திறந்தது யார் என்று சப் கான்ட்ராக்டருக்குப் பெயர் காட்டாது. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'படம் தெளிவாக இல்லை' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து அமுக்கினேன்.

தொண்ணூற்றாறு.

அன்று மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது. பொய் சொல்லவில்லை, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு மார்க்கோடு விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் மறுநாள் லிஃப்டில் அவனைப் பார்த்தபோது, "யாரோ ஒரு டிக்கெட்ட தொறந்துட்டாங்கண்ணா, நம்ம பசங்க படத்த சரியா எடுக்கலபோல" என்று சிரித்தான். திட்டியிருந்தால் விட்டிருப்பேன். சிரித்ததால் இன்னொன்றைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு அது ஒரு சொறி மாதிரி ஆகிவிட்டது. கை சும்மா இருக்காது. தரையில் ஈரம், மூடி சரியாக மூடவில்லை, சத்தம் வருகிறது, பத்து நிமிஷம் தாமதம் என்று காரணங்களுக்கா பஞ்சம்? சில நாள் காலையில் பல் தேய்க்கும்போதே ஒன்றைத் திறப்பேன். தொண்ணூற்றொன்று வந்தபோது மனைவி, "தங்கச்சி குரலே சரியில்லங்க, பில்டிங்ல யாரோ அவர கட்டம் கட்டுறாங்களாம். நீங்க கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?" என்றாள். கவனிக்கிறேன் என்றேன். கவனித்துக்கொண்டுதானே இருந்தேன்.

எண்பத்தைந்தில் நிறுத்திவிடுவது என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஒப்பந்தம் போக வேண்டாம், கரப்பான் மருந்துக்காரரோடு கடைசி வரிசையில் உட்காரட்டும், அது போதும். பன்னிரண்டு டிக்கெட்டில் அங்கே கொண்டுவந்து நிறுத்தியும் விட்டேன். அந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாமனார் வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் கணக்கு தப்பியிருக்காது.

அன்று மாமனார் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் நின்றுபோயிருந்தது. சகலை சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன் பின்பக்கத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தான். மாமனார் பக்கத்தில் குத்துக்காலிட்டு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முட்டி வலி, எனக்காக ஒரு நாளும் குத்துக்காலிட்டதில்லை. கொழுந்தியாள் ஒரு துண்டோடு நின்றாள். என் மனைவி மோர் கலக்கிக்கொண்டு வந்து முதல் டம்ளரை அவனுக்குக் கொடுத்தாள். நான் கூடத்தில் நாற்காலியில் இருந்தேன். நாற்காலிக்கும் எனக்கும் யாரும் வித்தியாசம் பார்க்கவில்லை.

"கை வெச்சா போதும், எதுவும் ஓடிரும்" என்றார் மாமனார். "பெரிய மாப்பிள்ளைக்கு இதெல்லாம் வராது. அவர் கையெழுத்து போடுற ஆளு." உடனே ஞாபகம் வந்து, "இப்ப அதுவும் இல்லையோ?" என்றார்.

நான் போனை எடுத்தேன். ஒன்பதாவது மாடி, தண்ணீர் சொட்டல், முந்தின நாள் முடித்த டிக்கெட். 'வேலை திருப்தியில்லை, நேரில் பார்வையிடப்பட்டது' என்பதைத் தேர்ந்தெடுத்து அமுக்கினேன்.

அவன் கழற்றிப் போட்ட சட்டைப் பையில் போன் கூவியது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. "எண்பத்திநாலு" என்று மட்டும் சொன்னான். சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிடக்கூட உட்காராமல் வண்டியை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குப் போனான். கொழுந்தியாள் அவன் தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்தாள். நான் சாப்பிட்டேன். மூடி வைத்த தட்டின் பக்கம் திரும்பவில்லை.

வருஷக் கடைசி ஒப்பந்தப் பட்டியல் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மேடம் கையெழுத்தாகிப் போய்விடும். அந்த வாரம் முழுக்க என் வீட்டில் போன்தான். தங்கை அங்கே அழ, அக்கா இங்கே அழ, எட்டு ஆட்களையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டானாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டியிருக்குமாம். எனக்கு உறுத்தியது. உறுத்தலோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தோற்றுப்போன பிறகு அவன் முகம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்க்க வேண்டும்போல இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, ஆறுதல் சொல்லும் சாக்கில் மொட்டை மாடிக்கு ஏறினேன். பெரிய ஏ.சி. இயந்திரங்கள் அங்கேதான் வரிசையாக இரைந்துகொண்டிருக்கும். சகலை நிழலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். அழுத முகமாக இல்லை.

"என்ன தம்பி எழுதுற?"

"புதுசா வர்றவங்களுக்குண்ணா. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குணம் இருக்குல்ல. ஒன்பதாவது மாடி மழை பெஞ்சா சொட்டும், குழாய கொஞ்சம் தூக்கிக் கட்டணும். பன்னெண்டாவதுல ஸ்க்ரூ மரை போயிருக்கு, வேகமா திருப்பக் கூடாது. இதெல்லாம் தெரியாம வந்து கெடுத்துடுவாங்க."

தன் பிழைப்பைப் பிடுங்க வருகிறவனுக்கே பாடம் எழுதிக் கொடுக்கிறான். எனக்கு எரிச்சல் வந்தது. "யார் இப்படி பண்ணாங்கன்னு விசாரிச்சியா?" என்று கேட்டேன். குரலில் அக்கறை நன்றாகவே வந்தது.

அவன் பேனாவை மூடினான். "தெரியும்ணா" என்றான்.

"யாரு?"

"பேரு வராது. இடம் வரும்ல." அவன் என்னைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்துப் பேசினான். "ரெண்டு தடவ உங்க தெரு. நாலு தடவ மாமா வீட்டுத் தெரு. போன ஞாயித்துக்கெழம மாமா வீட்டுல போன் கையில வெச்சிருந்தது நீங்க ஒருத்தர்தாண்ணா."

இதற்கு நான் யாரையும் நொந்துகொள்ள முடியாது. லிஃப்ட் ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே 'வந்தாச்சு' என்று அமுக்குகிறார்கள் என்று கண்டுபிடித்து, எந்தப் பட்டனை அமுக்கினாலும் அமுக்கிய இடம் பதிவாக வேண்டும் என்று மேடத்திடம் ஒற்றைக் காலில் நின்று வாங்கியவன் நான். திறக்கிற பட்டனும் ஒரு பட்டன்தான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஊரையெல்லாம் பிடிக்கப் போட்ட வலையில் நானே மாட்டிக்கொண்டிருந்தேன்.

"முன்னாடியே தெரியுமா?"

"உங்க தெரு வந்தப்பவே, ரெண்டாவது வாரமே தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்ல? மேடம்கிட்ட சொன்னா உங்க வேல போயிரும். வீட்டுல சொன்னா அக்கா முகத்துல எப்படி முழிப்பீங்க?" இப்போதுதான் என் பக்கம் திரும்பினான். "எனக்கு வேற பில்டிங் கிடைக்கும்ணா, கையில தொழில் இருக்கு. உங்களுக்கு இந்த வயசுல யாரு குடுப்பா? விடுங்க. நீங்கதான் என்ன இங்க கொண்டாந்தீங்க."

அவன் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கெட்ட வார்த்தை சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன். அவன் என்னைப் பார்த்துப் பாவப்பட்டான். மார்க்கிலும் ஜெயித்து, மாமனாரிடமும் ஜெயித்து, கடைசியில் நான் செய்த அயோக்கியத்தனத்திலும் என்னை ஜெயித்துவிட்டு, வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அந்த நல்ல மனசைப் பார்க்க எனக்கு வந்த பொறாமை, தொண்ணூற்றேழைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரியது.

படியில் இறங்கினேன், லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. திறந்த டிக்கெட்டைத் திறந்தவரே ரத்து செய்யலாம், போன மார்க் திரும்பி வரும். ஆனால் காரணம் கேட்கும், அந்தக் காரணம் நேராக மேடத்துக்குப் போகும். பட்டியலில் முதலாவதாக 'தவறுதலாகத் திறக்கப்பட்டது' என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டால் போதும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவன் மட்டும் மேலே உட்கார்ந்து பார்ப்பான். பாவம், பயந்துட்டார் என்று நினைப்பான். அதை நினைத்ததும் விரல் கீழே போய் 'மற்றவை' என்பதைத் தொட்டது. பெட்டி திறந்தது. 'வேலை சரியாகத்தான் இருந்தது. பொறாமையில் திறந்தேன்' என்று எழுதினேன். பதின்மூன்று டிக்கெட், பதின்மூன்று முறை. நல்ல மனசால் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனிடம் இன்னொரு முறை தோற்க முடியாமல்தான் செய்தேன்.

நாலேகாலுக்கு மேடம் கூப்பிட்டார். திரையை என் பக்கம் திருப்பினார்.

"என்ன இது? ரிப்போர்ட்ல இப்படியெல்லாமா எழுதுவாங்க?"

"லிஸ்ட்ல அந்தக் காரணம் இல்ல மேடம். அதான் மத்தவைல எழுதினேன்."

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், பத்தொன்பது வருஷம் ஆனதால் விடுகிறேன் என்றார். ஒப்பந்த வேலை, டிக்கெட் திறப்பது, மூடுவது எல்லாம் அன்றோடு என் கையை விட்டுப் போயின. துப்புரவும் கரப்பான் மருந்தும் மட்டும் மிச்சம். ஏ.சி. தொண்ணூற்றேழோடு பட்டியலில் ஏறியது. வீட்டில் வேலையை மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். மனைவி, தங்கை புருஷனுக்கு ஒப்பந்தம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தாள், துருவிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். கொழுந்தியாள் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிப்பு. மாமனார் சோறு பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்னமோ வேலைய மாத்திட்டாங்களாமே. நல்லாத்தானே இருந்தீங்க, ஏன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சகலை முந்திக்கொண்டான். "அது ஒண்ணும் இல்ல மாமா. அந்தச் சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு. என் மார்க்க கொறச்சதும் அதுதான். இவர்தான் கண்டுபிடிச்சு சரி பண்ணாரு. அதுல மேடத்துக்கும் இவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம்."

மாமனாரின் முகம் மலர்ந்தது. என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்து வருஷக்கணக்காகிறது. பேசாமல் இருந்தால் போதும், அந்தப் பார்வை எனக்கு. ஆனால் அது அவன் எடுத்து எனக்குப் போட்டது. காலம் முழுக்க அவன் போட்டதைத் தின்றுகொண்டிருக்க வேண்டும்.

"கோளாறு இல்ல மாமா" என்றேன். "நான்தான் பண்ணேன். மார்க் கொறஞ்சது என்னாலதான். இங்க உக்காந்தே நாலு தடவ பண்ணேன். இவன் மேல பொறாம."

கரண்டியைப் பாத்திரத்தில் வைக்கிற சத்தம் கேட்டது, அது என் மனைவி. "சாப்பிட்டு முடிங்க" என்றாள் மெதுவாக. "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்." இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. மாமனார் என்னையே பார்த்தார். கொழுந்தியாள் என்னைப் பார்க்கவில்லை. அவள் தன் புருஷனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

அவன் சோற்றை அளைந்தான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரம்" என்றான்.

"ரெண்டாவது வாரம். ஒரு வாரமா ராத்திரி பகலா அழுதுட்டு இருந்தேன். பிள்ளைங்களுக்கு எந்த ஸ்கூல்னு ஊரெல்லாம் விசாரிச்சேன். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி, 'நம்ம நேரம்'னு என்கிட்டயே சொன்னீங்க. அத்தானுக்கு என்மேல கோவம் இல்ல, உங்கமேல பொறாம, பண்ணிட்டாரு. உங்களுக்கு என்ன? நான் அழறத பாத்துக்கிட்டு நல்லவரா இருந்தீங்களா?"

"அண்ணன் மானம் போயிருமேன்னு..."

"என் தூக்கம் போனா பரவால்ல."

"அவ கேக்குறது நியாயந்தானே மாப்பிள்ளை" என்றார் மாமனார். அவர் அந்தக் குரலில் சின்ன மாப்பிள்ளையிடம் பேசி நான் கேட்டதில்லை. "எங்ககிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சகலை என் பக்கம் திரும்பினான். காப்பாற்றுங்கள் என்று கேட்ட மாதிரி இருந்தது, இப்படி மாட்டிவிட்டீர்களே என்று கேட்ட மாதிரியும் இருந்தது. என்மேல் அவனுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். நான் என்ன செய்ய முடியும், எனக்கே வீட்டுக்குப் போனதும் கச்சேரி காத்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். பக்கத்துத் தட்டில் அவனும் தலையைக் குனிந்துகொண்டான். கொழுந்தியாள் இன்னும் முடிக்கவில்லை, கல்யாணமான வருஷத்திலிருந்து ஆரம்பித்திருந்தாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக, அவன் இடத்தில் இருக்க எனக்குக் கொஞ்சமும் ஆசை வரவில்லை.